வலிப்பும் சாவிக்கொத்தும்: வீடு வந்து சேராத ஒரு மாத்திரையின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரக் கதை ஓ.எம்.ஆர். ரோட்டில், சிறுசேரிப் பக்கம் ஒரு ஆபீஸ் கேன்டீனில் ஆரம்பிக்குது. அங்கிருந்து மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்குப் போய், ஜெர்மனி, வேலூர், கர்நாடகா எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்ப செங்கல்பட்டுக்கே வரும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மதியச் சாப்பாட்டு நேரம். எங்க டீமில் ஒரு நண்பன் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். திடீர்னு அப்படியே சாய்ந்தான். உடம்பு விறைத்தது, கண் மேலே சொருகியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி முப்பது பேர் இருந்தோம். அத்தனை பேரும் இன்ஜினியர்கள். அந்த முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிய யோசனை என்ன தெரியுமா? "சாவி! சாவி இருக்கா யார்கிட்டயாவது?"

நானும்தான். என் பைக் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்று பின்னால் யாரோ சொன்னாங்க. அன்னிக்கு நானும் அதை நம்பினேன்.

பெரும்பாலான வலிப்பு ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், மிஞ்சிப்போனால் மூணு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். மூளையின் நரம்புச் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் பாய்ச்சுவதுதான் வலிப்பு. அந்தப் பாய்ச்சலை மூளையே அடக்கிக்கொள்ளும். சாவியைத் தேடி, கண்டுபிடித்து, கையில் திணிப்பதற்கே ஒன்றரை நிமிஷம் ஆகிவிடும். அது நிற்கப்போகிற நேரத்தில் நாம் சாவியைக் கொடுத்துவிட்டு, பெயரைச் சாவிக்குக் கொடுத்துவிடுகிறோம். சர்வர் தானாக எழுந்துகொள்ளும்போது நாம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தால், நாம்தான் சரிபண்ணினோம்னு நினைப்போம் இல்லையா, அதே கதைதான்.

அன்னிக்குச் சாயங்காலம் அவனை ரூமில் கொண்டுபோய் விட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவன் கடைசியில் சொன்னான்: "பத்து நாளா மாத்திரை போடல மச்சி. ரூம் மாறினேன்ல. புது ரூம்ல ரெண்டு பசங்க. அட்டையைப் பாத்துட்டு என்னன்னு கேப்பாங்களேன்னு பைக்குள்ளயே வெச்சிருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு."

மருந்து கையில் இருந்தது, வாங்கக் காசும் இருந்தது. நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயத்தில்தான் அவன் விழுந்தான். இந்தக் கதையைச் சொல்ல அவன் எனக்கு அனுமதி கொடுத்திருக்கான், பேரைச் சொல்லக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

அவன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பையன். "எங்க பெரியப்பாவுக்கும் உண்டு. எங்க ஊர்ல வந்து கேளு, கதை கதையா சொல்வார்" என்றான். அடுத்த மாசம் போனேன்.

கரையில் உட்கார்ந்த மனிதர்

கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போகிற கூட்டத்தை விட்டுவிட்டுக் கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் குப்பங்கள் வந்துவிடும். ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நின்றன. படகு நிழலில் உட்கார்ந்து பெரியப்பா வலையில் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். தொழிலுக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.

"இருவது வயசுல மொத தடவ வந்துச்சு, தம்பி. கரையிலதான். காக்கா வலிப்புன்னாங்க. கோயிலுக்குப் போனோம், மந்திரிச்சோம், கயிறு கட்டினோம். ரெண்டாவது தடவ படகுலயே வந்துடுச்சு. கூட இருந்தவன் முடியப் புடிச்சு இழுத்துப் போட்டான். அதுக்கப்புறம் யாரும் என்னைப் படகுல ஏத்தல. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல."

குற்றமில்லைதான். வலிப்பு உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட பத்து மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கடலை நம்பி வாழ்கிற ஊரில் இந்த நோய் வந்தால் உயிரோடு சேர்த்துப் பிழைப்பும் போகும்.

பிறகு செங்கல்பட்டுக்குப் போய்க் காட்டியிருக்கிறார். மாத்திரை கொடுத்தார்கள், வலிப்பு நின்றது. ஆனால் அதற்குப் பிறகும் பல தடவை திரும்ப வந்திருக்கிறது. ஏன்னு கேட்டேன்.

"மாத்திர வெல கம்மிதான், தம்பி. போய்ட்டு வர்றதுதான் வெல."

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். பஸ், வரிசை, மறுபடி பஸ். ஒரு நாள் கூலி போச்சு. "மூணு மாசம் வரலேன்னா சரியாப் போச்சுன்னு நெனப்போம். விட்டுருவோம். விட்டா வரும்." வீட்டுச் சுவரில் மாசக் காலண்டர் தொங்கியது. வலிப்பு வந்த நாட்களைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். "டாக்டரு கேட்டா சொல்லணும்ல" என்றார். எங்க ஆபீஸில் லாகிங் பற்றி நாங்க எவ்வளவோ பேசுவோம். இவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எனக்கு ஆச்சரியம், அப்புறம் கோபம்.

1912: தூக்கம் கெட்ட ஒரு டாக்டர்

ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரம். ஆல்ஃப்ரட் ஹௌப்ட்மன் என்ற இளம் டாக்டர் மனநல மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். வலிப்பு நோயாளிகளின் வார்டுக்கு மேலேயே அவருக்கு அறை, ராத்திரியில் அவர்களுக்கு வலிப்பு வரும் சத்தத்தில் தூக்கம் கெட்டுப்போகும் என்று ஒரு கதை சொல்வார்கள். அமைதியாகத் தூங்கட்டுமே என்று புதிதாக வந்த ஒரு தூக்க மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்தாராம். ராத்திரி மட்டுமில்லை, பகலிலும் வலிப்பு குறைந்தது. 1912-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். அந்த மாத்திரைதான் ஃபீனோபார்பிட்டால். நம்ம ஊரில் கார்டினால் என்ற பெயரில் பல வீடுகளுக்குத் தெரியும். ஹௌப்ட்மன் யூதர். பின்னாளில் நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து விரட்ட, அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். அவர் கண்டுபிடித்தது இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்து 1938-ல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்ற ரெண்டு பேர் ஃபெனிட்டாயின் வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று கண்டுபிடித்தார்கள். நம்ம மருந்துக்கடையில் எப்டாயின் என்று கேட்டு வாங்குவது அதுதான்.

அதாவது, பெரியப்பாவுக்கு முதல் வலிப்பு வருவதற்குப் பல பத்து வருஷம் முன்னாலேயே அவருக்கான மருந்து இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் அதில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம். ஒரு வருஷ மருந்துச் செலவு 5 டாலர் அளவுக்குக்கூட இறங்கும். இருந்தும் ஏழை நாடுகளில் நாலில் மூணு பேருக்குச் சிகிச்சை இல்லை. இதற்குச் சிகிச்சை இடைவெளி என்று பேர். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த இடைவெளி நகரத்து நடுத்தர வர்க்கத்தில் 22 சதவீதம், சில கிராமங்களில் 90 சதவீதம் வரை.

வேலூர்: மூளைக்குள் ஒரு புழு

நம்ம ஊர் டாக்டர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீங்க. ஜேக்கப் சாண்டி கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-ல் அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சையே நடந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-ல் இந்தத் துறையைக் கட்ட ஆரம்பித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த துப்பறியும் கதையும் வேலூரில்தான் நடந்தது. சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்போடு வந்த நம்மவர்கள் பலரின் மூளையில் சின்னதாக ஒரு வளையம் தெரிந்தது. காசநோய் அதிகமான நாடு என்பதால், அது காசநோய்க் கட்டி என்றே பல இடங்களில் முடிவு கட்டி, மாசக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட வேலூர்க் குழு அந்தக் கட்டியைக் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. பெரும்பாலும் அது காசநோய் இல்லை, நாடாப்புழுவின் இளம்பருவம். 1991-ல் இது கட்டுரையாக வந்தது.

பன்றியிலிருந்து மனிதனுக்கு வரும் நாடாப்புழு இது. ஆனால் மூளைக்குப் போவது கறி வழியாக இல்லை. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தில் முட்டைகள் இருக்கும். அது தண்ணீரிலோ காய்கறியிலோ கையிலோ ஒட்டி நம் வாய்க்கு வரும். அதனால் வாழ்க்கையில் கறியே தொடாதவருக்கும் இது வரும். பிறகு வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. அங்கே ஆயிரத்துக்கு 4 பேர் அளவில் வலிப்பு இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தப் புழு காரணம். கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் வலிப்பைத் தடுக்கும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சரி, மருந்து தெரியும், காரணமும் பாதி தெரியும். அப்புறம் என்னதான் குறை? இங்கேதான் செங்கல்பட்டு வருது.

திருமணி

செங்கல்பட்டு ஊருக்கு வெளியே திருமணி என்று ஒரு இடம். பிரிட்டிஷ் காலத்தில் அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் அங்கே வேலை பார்த்தார். தொழுநோய்க்கான டாப்சோன் மருந்தை 1940-களில் நம்ம பக்கம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடி அவர். 1955-ல் இந்திய அரசு அந்த மருத்துவமனையை எடுத்து மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. தேசிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அதே 1955-ல்தான்.

தொழுநோயையும் வலிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரெண்டுக்கும் விலை குறைந்த மாத்திரை உண்டு. ரெண்டுக்கும் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிடணும். ரெண்டையும் ஜனங்கள் சாபம், பாவம் என்று சொல்லி மறைத்தார்கள். ரெண்டிலும் நோயாளி தானாக வரமாட்டார்.

அதனால் தொழுநோய்க்கு என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரியில் காத்திருக்காமல் ஊருக்குள் போனார்கள். களப்பணியாளர் வீடு வீடாகப் போய்த் தேமலைப் பார்ப்பார், நோயைப் பற்றிப் பேசுவார், மாத்திரை கொடுப்பார், பதிவேட்டில் எழுதுவார். அடுத்த மாசம் ஆள் வரவில்லையென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததும் இந்த வேலைமுறைக்கு முழுப் பலன் கிடைத்தது. தொழுநோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கியதாக 2005 கடைசியில் இந்தியா அறிவித்தது. நோய் இன்னும் ஒழியவில்லை, புது நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் ஊரே ஒதுக்கிய ஒரு நோயை மாத்திரை, பதிவேடு, வீட்டுக்கு வரும் ஒரு ஆள் ஆகிய மூணையும் வைத்து அவ்வளவு தூரம் இறக்க முடிந்தது.

யளந்தூர்

இதே முறை வலிப்புக்கும் செல்லுமா? செல்லும் என்று காட்டிய இடம் கர்நாடகாவில், பிளிகிரிரங்கன் மலை அடிவாரத்தில் இருக்கும் யளந்தூர். டாக்டர் எச். சுதர்சனின் கருணா டிரஸ்ட் 1980-களில் அங்கே தொழுநோய்க்காகத்தான் வேலையைத் தொடங்கியது. தொழுநோய்க்காக உருவான அந்தக் களப்பணியோடு வலிப்பும் சேர்ந்துகொண்டது. பெங்களூரு நரம்பியல் நிபுணர் கே.எஸ். மணி தலைமையில் 1990, 91-ல் வீடு வீடாகச் சர்வே எடுத்தார்கள். 64,963 பேர் கொண்ட மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 4.63 பேருக்கு வலிப்பு. அதாவது சுமார் 300 பேர்.

அவர்களில் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. 1912-ன் ஃபீனோபார்பிட்டால், இல்லையென்றால் 1938-ன் ஃபெனிட்டாயின். ஆனால் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல பலன். நிறைய வலிப்பு வந்து முற்றுவதற்கு முன்னாலேயே சிகிச்சையை ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் நல்ல பலன். 2001-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது.

நானெல்லாம் எந்தப் பிரச்சினையைப் பார்த்தாலும் "புதுசா ஒரு ஆப் பண்ணலாமா" என்று யோசிக்கிற ஜாதி. யளந்தூரைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. மாசா மாசம் கொண்டுபோய்க் கொடுத்து, "விடாம சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிற ஆளைத்தான் நாம் இன்னும் எல்லா ஊருக்கும் ஏற்பாடு பண்ணவில்லை.

சட்டமே ஒதுக்கியது

மறைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 1976-ல் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று ஆனது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ வலிப்பு என்று தெரிந்தால், கல்யாணத்தையே செல்லாது என்று கோர்ட்டுக்குப் போகலாம். இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் பல வருஷம் போராடியது. 1999 டிசம்பரில்தான் "வலிப்பு" என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். என் நண்பன் பிறந்ததற்குப் பிறகு!

சட்டத்திலிருந்து போனது வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை. புகுந்த வீட்டில் தெரியக்கூடாது என்று பெண்கள் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறார்கள். ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை சீக்கிரம் நின்றுபோகும். பிறகு வலிப்பு வரும். எங்க கேன்டீனில் நடந்ததும் இதுதான்.

10,000 பேர்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தப் பரப்பில் 25 லட்சத்துக்கும் மேல் ஆட்கள். வேலூர், யளந்தூர் ஆய்வுகளைப் பார்த்து ஆயிரத்துக்கு 4 என்று வைத்தாலே 10,000 பேர். இது சர்வே முடிவு இல்லை, நான் போட்ட கூட்டல் கணக்கு. ஆனாலும் அந்த 10,000 பேரை நினைத்துப் பாருங்க. ஐ.டி. பார்க்கில் கொஞ்சம் பேர், சிற்பக்கூடத்தில் உளி பிடித்தவர்கள் கொஞ்சம் பேர், கரையில் வலை பொத்துகிறவர்கள் கொஞ்சம் பேர்.

எல்லாம் ஈஸி என்று சொல்ல வரவில்லை. விழுகிறவர் எல்லாருக்கும் வலிப்பு நோய் கிடையாது. மயக்கமாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். முதலில் சரியாகக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டும். ஃபீனோபார்பிட்டால் தூக்கக் கலக்கம் கொடுக்கும், படிக்கிற பிள்ளைகளுக்கு மந்தம் கொடுக்கலாம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். ஃபீனோபார்பிட்டால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் வேறு இருப்பதால் அதை வாங்கி வைக்கவும் கொடுக்கவும் கட்டுப்பாடுகள் கூடுதல். சிலருக்கு மாத்திரையே கேட்காது, அவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வழி.

ஆனால் நோய் என்னவென்று தெரிந்து, மருந்தும் முடிவான பிறகு, மீதி வேலை பெரும்பாலும் விடாமல் தொடர்வதுதான். அதற்கு ஆள் இல்லாத ஊர் இல்லை தமிழ்நாடு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதே பையில் வலிப்பு மாத்திரையும் எல்லா வீட்டுக்கும் போகட்டும், அதே பதிவேட்டில் இன்னொரு பத்தி சேரட்டும். உலக நாடுகள் ஒத்துக்கொண்ட செயல்திட்டம் 2031-க்குள் வலிப்பு உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்குக் கட்டுப்படியாகும் விலையில் மருந்து என்று இலக்கு வைத்திருக்கிறது. ரொம்ப நாள் இல்லை.

கடைசியாக, கேன்டீனில் எனக்குத் தெரியாமல் போனதை உங்ககிட்ட சொல்லிடறேன். யாராவது விழுந்து இழுத்தால் சாவி வேண்டாம். சுற்றி இருக்கும் கூர்மையான பொருளை நகர்த்துங்க, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைங்க. கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். இழுப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைங்க. மணி பாருங்க: 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, வாழ்க்கையில் முதல் தடவை என்றாலோ உடனே 108. முழிப்பு வரும்வரை பக்கத்திலேயே இருங்க. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க.

போன பொங்கலுக்கு மறுபடி அந்தக் குப்பத்துக்குப் போனேன். பெரியப்பா புதுக் காலண்டர் மாட்டியிருந்தார். பழசை எடுத்துக் காட்டினார், ஒரு வட்டம்கூட இல்லை. இப்போது மாத்திரை வாங்கி வருவது நண்பனின் வேலை. மாசம் ஒருமுறை, தன்னுடையதோடு சேர்த்து. அவனுடைய அட்டை சிறுசேரி ரூமில் டேபிள் மேலேயே கிடக்கிறது. கூட இருக்கும் பசங்க தினமும் ராத்திரி "போட்டியாடா?" என்று கேட்கிறார்களாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.